பி.பி. நம்பர்

என் வேலை என்னவென்று வீட்டில் விளக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கம்பெனியிடம் சேர்ந்து கிடக்கும் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் நம்பர், நோய்நொடி எல்லாம் கண்டவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பெனி விடும் விளம்பரத்தில் பொய் இருக்கிறதா என்று அது வெளியே போகும் முன்பே படித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். என் அம்மா அக்கம்பக்கத்தில் இதை வேறு மாதிரி சொல்லி வைத்திருக்கிறாள்: "ஆபீஸ்ல எல்லார் கிட்டயும் வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு இருப்பா. அதுக்குச் சம்பளம்." அதையும் தப்பு என்று சொல்லிவிட முடியாது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று கேட்பார்கள். கும்மிடிப்பூண்டியில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் என்று சொன்னால் விளையாடுகிறேன் என்று நினைக்கிறார்கள். நான் விளையாடவில்லை.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். பி.காம். முடித்துவிட்டு, ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் காலை ரயிலில் கும்மிடிப்பூண்டி வந்துகொண்டிருந்தேன். பஜாரில் அந்த ஹார்டுவேர் கடைக்கு மேல் எங்கள் ஆபீஸ். ஆறு கம்ப்யூட்டர், இரண்டு போன், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, உங்களுக்காக இல்லை என்று முதலாளி அடிக்கடி ஞாபகப்படுத்துவார். சென்னையிலிருக்கும் விற்பனைக் கம்பெனிகள் குலுக்கல் கூப்பன், வாரண்டி அட்டை, கண்காட்சியில் நிரப்பிய படிவம் என்று அட்டைப்பெட்டியில் அனுப்பும். நாங்கள் அதை டைப் செய்து பட்டியலாக்குவோம். பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்து இரண்டு பெண்கள் ஒவ்வொருவருக்காகப் போன் செய்து சரக்கை விற்கப் பார்ப்பார்கள். ஆபீஸில் வேகமாக டைப் செய்கிறவள் நான்தான். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

அப்போது எல்லோர் கையிலும் செல்போன் வந்துவிடவில்லை. தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்களில் பலருக்கு வீட்டில் சாதாரணப் போன்கூடக் கிடையாது. ஆனாலும் எல்லோரிடமும் ஒரு நம்பர் இருந்தது. பக்கத்து வீட்டு நம்பர், மளிகைக்கடை நம்பர், எஸ்.டி.டி. பூத் நம்பர். அதை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டு, யாருடைய போன் என்பதையும் எழுதிவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடிப்போம். இது என் போன் இல்லை, எடுப்பவர் வேறு ஆள், என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று அதற்கு அர்த்தம். எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு நம்பர் உண்டு. எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று, "உனுக்குத்தான் போனு, ஓடியா" என்று கத்துவார். நாங்கள் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்பார். போன் அவருடையது, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நாங்களும் விட்டுவிடுவோம். எதிர்வீட்டுக்குத் தெரியக்கூடாத விஷயத்தைப் போனில் பேசக்கூடாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

காது மிஷின் விற்கும் ஒரு கம்பெனி, தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசக் காது பரிசோதனை முகாம் நடத்தியது. இரும்பு உருக்குகிற, இரும்பை அடிக்கிற ஆலைகள் அங்கே நிறைய. காது மந்தமானவர்களுக்குப் பஞ்சமில்லை. முகாமில் நிரப்பிய படிவங்கள் இரண்டு பெட்டிகளில் எங்களிடம் வந்தன. பெயர், வயது, வேலை, போன் நம்பர், கீழே பரிசோதனை முடிவு: வலது காது, இடது காது, இரண்டு காதும் என்று மூன்று கட்டம்.

டைப் செய்ய உட்கார்ந்தால் போன் நம்பர் கட்டத்தில் எண்ணைத் தவிர எதையும் கம்ப்யூட்டர் வாங்க மாட்டேன் என்றது. பி.பி. என்று அடித்தால் டொய்ங் என்று சத்தம் போட்டுச் சிவப்பாகிவிடும். படிவத்துக்குப் படிவம் பி.பி. டீக்கடை, பி.பி. ஹவுஸ் ஓனர், பி.பி. கேட் செக்யூரிட்டி. முதலாளி ஊரில் இல்லை. யாரைக் கேட்பது? நானே முடிவெடுத்தேன். பி.பி.யை விட்டுவிட்டு எண்ணை மட்டும் அடியுங்கள் என்று மற்றவர்களுக்கும் சொன்னேன். நாலு நாள் வேலை இரண்டே நாளில் முடிந்தது. திரும்பி வந்த முதலாளி, "பரவால்லையே, மூளை இருக்குது உனக்கு" என்றார். அன்று ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

அதற்கு அடுத்த வாரத்தில் ஒருநாள் மத்தியானம், கீழே எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த பாய் மாடிப்படி ஏறி வந்தார். பழவேற்காட்டுக்காரர். வாசனைச் சாமான், பிளாஸ்டிக் சாமான் என்று பலதும் விற்றுவிட்டுக் கடைசியில் பூத்தில் நிலைத்தவர். அவருக்குப் பின்னால் காக்கிச் சட்டையில் ஒருவர் நின்றார். நாற்பது வயது இருக்கும். முன்கையில் தீப்பொறி பட்ட புள்ளிகள்.

"இவரு ஒரு நம்பரைக் காட்டி இது யாருதுன்னு பஜார் பூரா கேட்டுக்கினு இருந்தாரு. பாத்தா உங்க நம்பரு. அதான் கூட்டியாந்தேன்," என்று சொல்லிவிட்டு பாய் இறங்கிப் போனார்.

காக்கிச் சட்டைக்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். "இந்த போன்லேர்ந்து எங்க கம்பெனி கேட்டுக்கு யாரு மேடம் பேசுனது?" அவர் குரல் அந்த அறைக்கு ரொம்பப் பெரிதாக இருந்தது. அவர் பெயரைக் கேட்டுப் பட்டியலில் தேடினேன். இருந்தது. போன் செய்து முடித்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் டிக் இருந்தது. பெட்டியைக் கிளறிப் படிவத்தை எடுத்தேன். அழகாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருந்தார்: பி.பி. கேட் செக்யூரிட்டி.

நடந்தது இதுதான். எங்கள் ஆபீஸில் போன் செய்யும் பெண்களில் ஒருத்தி அந்த நம்பரைக் கூப்பிட்டு இவர் பெயரைச் சொல்லியிருக்கிறாள். எடுத்த காவலாளி, பி.பி. போனை எடுக்கிற எவரும் சொல்வதுபோல, "சொல்லுங்க" என்றிருக்கிறார். சேதியைச் சொல்லுங்கள், நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன் என்ற அர்த்தத்தில். இவள் கையில் இருந்த பட்டியலில் பி.பி. இல்லை. பேசுவது அவரேதான் என்று நினைத்து, தாளில் இருந்ததை மடமடவென்று வாசித்துவிட்டாள். உங்களுக்கு இரண்டு காதும் கேட்கும் திறன் குறைந்துவிட்டது, இந்த மாதத்துக்குள் மிஷின் வாங்கினால் சலுகை உண்டு. காவலாளி பட்டாளத்தில் இருந்து வந்தவர். எதையும் ஒழுங்காகச் செய்பவர். கூப்பிட்டவர் நம்பரையும் கேட்டு வாங்கி, சேதியை ஒரு சொல் விடாமல் கேட் நோட்டில் எழுதி வைத்தார். அந்த நோட்டு தினமும் காலையில் மேனேஜர் மேஜைக்குப் போகும்.

காக்கிச் சட்டைக்காரர் அந்த ஃபோர்ஜிங் ஆலையில் சுத்தியல் மிஷின் ஓட்டுகிறவர். சிவக்கக் காய்ச்சிய இரும்பை அந்த மிஷின் அடிக்கும்போது ரோட்டில் போகிறவர் நெஞ்சு வரைக்கும் அதிரும். எட்டு வருடமாகக் காண்டிராக்டில் இருந்தார். நிரந்தரமாக்கப் போகும் ஆட்களின் லிஸ்ட் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் பெயரும் அதில் இருந்தது. மேனேஜர் நோட்டைப் படித்த அன்றே அவரை மிஷினிலிருந்து எடுத்துவிட்டார்கள். "யார்டுல குந்தவெச்சிருக்காங்க மேடம். லிஸ்ட்ல உன் பேரு டவுட்டுன்றாங்க," என்றார்.

நான் ஏதோ பதில் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. காதை என் பக்கம் திருப்பினார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். டைப் செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். படியில் பாய் கடைக்கு வந்தவர் யாரோ எட்டிப் பார்த்தார். இந்த மனிதரின் காது விஷயத்தைத் தொழிற்பேட்டைக்குச் சொன்னது போதாது என்று இப்போது பஜாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று புரிந்தபோது எனக்கு முகம் எரிந்தது. சட்டென்று ஒரு காகிதத்தை எடுத்து எழுதினேன்: "தப்பு எங்களுடையது. என்ன செய்ய வேண்டும், சொல்லுங்கள்."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பேனாவை வாங்கவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார். "அது நான் இல்லன்னு எழுதிக் குடுங்க. பேரு மாறிப்போச்சுன்னு. அது போதும்."

அது பொய். பொய் எழுதுவது எனக்குப் பிடிக்காது என்று பெரிய நியாயஸ்தி மாதிரி சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் நான் பயந்தேன். அவர் மறுபடி அந்த மிஷினில் ஏறி, கத்திக் கூப்பிடுவது கேட்காமல் ஏதாவது ஆகிவிட்டால்? முடியாது என்று எழுதிக் காட்டினேன்.

"உங்களுக்கு இன்னா மேடம், ஒரு வரி. எனுக்கு எட்டு வருசம்," என்றார். கோபத்தில், குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்பது அவருக்கு மறந்துபோனது. "நான் எதையும் மறைக்கல. எனக்கே தெரிஞ்சிக்கணும்னுதான் கேம்புக்கு வந்தேன். லிஸ்ட்டு வந்தப்பறம் மிஷின் வாங்கி மாட்டிக்கினு நானே மேனேஜர் கிட்ட போய் நின்னிருப்பேன். முதல்ல எனக்குச் சொல்லணுமா, கேட்டுக்குச் சொல்லணுமா?"

இதற்குப் பிறகு எத்தனையோ சட்டப் பிரிவுகளைப் படித்திருக்கிறேன். அந்தக் கேள்வியில் இல்லாத ஒன்றை அவற்றில் நான் இன்னும் பார்க்கவில்லை. அன்று நான் எழுதிய காகிதத்தை அவரிடமே கொடுத்து, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பினேன்.

அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அவர் படிவத்தைத் திரும்பப் பெட்டியில் வைக்கப் போனவள், மற்றதையும் எடுத்துப் பார்த்தேன். டைப் செய்யும்போது நாங்கள் கட்டம் கட்டமாகத்தான் பார்ப்போம். ஒரு படிவத்தை முழுசாகப் பார்ப்பதே கிடையாது. அன்றுதான் பார்த்தேன். அடுத்த படிவத்திலும் இரண்டு காதும். அதற்கடுத்ததிலும் இரண்டு காதும். இருபது வயதுக்காரருக்கும் இரண்டு காதும், ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இரண்டு காதும். பெட்டியின் அடியில் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு. யாரும் நிரப்பாத காலிப் படிவங்கள். பெயர் இல்லை, வயது இல்லை. கீழே மட்டும் இரண்டு காதும் என்ற கட்டத்தில் நீல மையில் டிக் போட்டிருந்தது. ஆட்கள் வருவதற்கு முன்பே உட்கார்ந்து டிக் போட்டிருக்கிறார்கள். மண்டபத்தில் நடந்தது பரிசோதனையே இல்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பெட்டியை ஒரு உதை விட்டேன். பக்கத்து நாற்காலிப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கோபம் மிஷின் கம்பெனி மேல் பாதி, என் மேல் பாதி. அந்த டிக்கை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான். போனில் வாசிக்கும் தாளைத் திருத்திக் கொடுத்ததும் நான்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் காலிப் படிவங்களைப் பார்த்தார், கட்டோடு மேஜை டிராயரில் போட்டார். "நமக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? அவங்க குடுத்தாங்க, நாம அடிச்சோம். எழுத்துல எதுவும் குடுக்காதே." அப்படிச் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

நான் லெட்டர்பேடில் கடிதம் அடித்தேன். முகாமை நடத்தியவர்கள் விற்பனை ஆட்கள் என்றும், எங்களிடம் உள்ள படிவங்களில் எல்லோருக்கும் ஒரே முடிவுதான் குறித்திருக்கிறது, நிரப்பாத காலிப் படிவங்களிலும் அதே முடிவு இருக்கிறது, ஆகவே அதை மருத்துவப் பரிசோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது என்றும் எழுதினேன். அடுத்தவர் போன் என்று அவர் தெளிவாகக் குறித்திருந்தும், அவர் அனுமதி இல்லாமல் அவருடைய உடல்நிலையைப் பற்றி அந்தப் போனில் பேசியது எங்கள் தவறு என்று எழுதினேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று எழுதவில்லை. வேறு யாருடைய பெயரையும் எழுதவில்லை. கீழே என் கையெழுத்தைப் போட்டு, டேட்டா என்ட்ரி என்று பதவியையும் குறிப்பிட்டேன். அதைப் பதவி என்று எழுதியது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் வந்து வாங்கினார். நின்றபடியே முழுக்கப் படித்தார். தான் கேட்டது இது இல்லை என்று முகத்தில் தெரிந்தது. நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ஆலையிலிருந்து முதலாளிக்குப் போன் வந்ததும் அவர் ஆடிய ஆட்டத்தை விவரிக்க வேண்டாம். யாரைக் கேட்டு லெட்டர்பேடில் கை வைத்தாய் என்பதில் ஆரம்பித்து, என்னைப் பெற்றவர்கள்வரை போனார். என்னைப் போகச் சொல்லவில்லை. என் வேகத்துக்கு வேறு ஆள் அங்கே இல்லை. "இனிமே வர்ற ஒவ்வொரு பேப்பரும் நீயே படி. எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாதுன்னு நீயே எழுதிக் குடு. ஏதாவது வந்துச்சுன்னா உன் தலை," என்றார். தண்டனையாகத்தான் சொன்னார். நான் அதை வேலையாக எடுத்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் போன் நம்பருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போடச் செய்தேன்: போனை எடுப்பவர் யார்? அடுத்தவர் போன் என்றால் பெயரை மட்டும் சொல்லி, இந்த நம்பரில் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. விற்பனை குறைந்தது. போன் செய்கிற பெண்கள் என்னைத் திட்டினார்கள். மிஷின் கம்பெனி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. கொஞ்ச காலத்தில், விளம்பர அழைப்பு வேண்டாம் என்று நம்பரைப் பதிந்துகொண்டவர்களைக் கூப்பிடக்கூடாது என்று அரசாங்கமே விதி கொண்டுவந்தது. அதை யார் பார்க்கிறார்கள் என்று சென்னைக் கம்பெனிகள் விசாரித்தபோது, முதலாளி ஏதோ தானே யோசித்து வைத்தவர்போல என்னைக் கை காட்டினார்.

காக்கிச் சட்டைக்காரர் விஷயம் பாய் மூலமாகத்தான் தெரிய வந்தது. கடிதத்தைப் பார்த்த ஆலை, அவரைச் சரியான காது டாக்டரிடம் அனுப்பியது. இடது காது முக்கால்வாசி போய்விட்டது, வலது காது குறைந்துகொண்டு வருகிறது, மிஷின் சத்தத்தால் வந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாரையும் பார்க்காமல் போட்ட அந்த டிக், இவர் விஷயத்தில் ஏறக்குறைய உண்மையாகிவிட்டது. ஆலைச் சத்தத்தால் என்று டாக்டரே எழுதிவிட்டதால் அவரை வெளியே அனுப்ப முடியவில்லை. ஸ்டோரில் போட்டார்கள். ஆனால் நிரந்தரம் செய்த லிஸ்ட்டில் அவர் பெயர் வரவில்லை. அடுத்த லிஸ்ட்டில் பார்க்கலாம் என்று சொன்னார்களாம். நான் கும்மிடிப்பூண்டியை விட்டு வரும்வரை அடுத்த லிஸ்ட் வரவில்லை.

கேள்விப்பட்ட அன்று மத்தியானச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். அந்தப் பொய்யை எழுதிக் கொடுத்திருந்தால் லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்திருக்கும். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. பி.பி.யை அழிக்காமல் இருந்திருந்தால் அந்தக் கேள்வியே வந்திருக்காது. அது மட்டும் நிச்சயம். எங்கள் பட்டியல்கள் எல்லாவற்றிலிருந்தும் அவர் பெயரை நானே நீக்கினேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சில மாதம் கழித்து ஒருநாள் அவரே படியேறி வந்தார். அதே காக்கிச் சட்டை. நான் எழுந்து நின்று காகிதத்தை எடுத்தேன். உங்கள் பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன், இனிமேல் எங்கிருந்தும் போன் வராது என்று எழுதிக் காட்டினேன்.

படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "எடுக்காதீங்க மேடம். திரும்பப் போடுங்க. நல்ல மிஷினு, நல்ல விலைக்கு எங்கனா வந்தா சொல்லுங்க. வாங்கணும்." பையிலிருந்து ஒரு செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். சின்னது, பழையது, ஓரமெல்லாம் பெயின்ட் போனது. பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி அதன்மேல் நம்பர் எழுதியிருந்தது. "நம்பரை மட்டும் மாத்திக்குங்க. இது என்னுது."

நான் அந்தப் போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் எழுதினேன்: "மணி அடித்தால் உங்களுக்குக் கேட்குமா?"

"கேக்காது," என்றார். "சட்டைப் பையில வெச்சிருந்தா அதிரும். தெரிஞ்சிடும். ஊட்டுக்கு எடுத்துக்கினு போய், சம்சாரத்தை விட்டு அந்த நம்பருக்குத் திருப்பிப் போட்டு யாருன்னு கேக்கச் சொல்லுவேன். வேற எவனும் எடுக்க மாட்டான் இல்ல?"

நான் உட்கார்ந்து அந்தப் பத்து எண்ணையும் அடித்தேன். போனை எடுப்பவர் யார் என்ற கட்டத்தில் அவர் பெயரை அடித்தேன். திரையைத் திருப்பிக் காட்டினேன். அவர் குனிந்து, விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துக்கொண்டு போனைப் பையில் போட்டுக்கொண்டார்.